கடற்காகம் எங்கே முட்டையிடும்?

வணக்கம் அண்ணை,

நாயாற்றில் எங்கட வாடிக்கு முன்னால் வலையில் மீன் கழற்றும்போது கடற்காகங்கள் வந்து மொய்க்கும். மாரியில் வெள்ளைத் தலையோடு நின்றவை, பங்குனியில் மண்ணிறத் தலையோடு நிற்கின்றன. கழிவு எண்ணெய் பட்டிருக்கும், இல்லாவிட்டால் நோய் என்கிறார் சித்தப்பா. கடலில் மிதந்தபடியே முட்டையிடும் என்றும் சொல்கிறார். உண்மையா? ஆடியிலும் இரண்டொன்றைக் காண்கிறேனே?

ஒரு வாசகர், முல்லைத்தீவு

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெயும் இல்லை, நோயும் இல்லை. நீர் காண்பது மண்ணிறத் தலைக் கடற்காகம். சோடி சேரும் காலத்துக்கான இறகு அது. மாரியில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுத்தப் பொட்டு மட்டும்தான் இருக்கும். முட்டையிடப் புறப்படுமுன் இங்கே வைத்தே தலை மண்ணிறமாகிவிடும்.

போகிற ஊரில் கடலே இல்லை. திபெத் மேட்டுநிலம், லடாக், பாமீர் பக்கத்து ஏரிகள்தான் அதன் ஊர். பல ஏரிகள் 3000 மீற்றருக்கும் மேலே. எங்கட நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை உச்சியே 2524 மீற்றர்தான், யோசித்துப் பாரும். ஏரித் திட்டுகளிலும் சதுப்பிலும் கூட்டமாகக் கூடு கட்டி, பெரும்பாலும் மூன்று முட்டை இடும். குளிர் இறங்கி ஏரி உறைந்தால் இரை பனிக்கட்டிக்கு அடியில். பிறகென்ன, தெற்கே வரத்தானே வேண்டும். முல்லைத்தீவுக் கடல் அதற்கு ஒரு மாரிகால வாடி, அவ்வளவுதான். சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லும்: கடலில் மிதந்து நித்திரை கொள்ளும், முட்டையிடாது.

மலைப் பறவைக்குக் கடல் தண்ணீர் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று அடுத்ததாகக் கேட்பீர். அங்கேயும் பல ஏரிகள் உப்பேரிகள். கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி மிஞ்சிய உப்பைப் பிரித்து மூக்குத் துளையால் வெளியே விடும். சொண்டு நுனியில் சொட்டுகிற நீரை அது தலையை உதறித் தட்டிவிடும்.

நோய் என்று பயப்படுவதானால், பல பறவைகள் ஒன்றாகச் செத்துக் கிடந்தால் பயப்பட வேண்டும். 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் செத்த ஆயிரக்கணக்கானவற்றில் இந்த இனமும் இருந்தது. அப்படிக் கண்டால் கை வைக்காமல் கால்நடை வைத்தியருக்கு அறிவியும்.

ஆடியில் நிற்பவை பயணம் போகாத இளசுகளாக இருக்கலாம். வால் நுனியில் கறுத்தக் கரை இருக்கிறதா என்று பாரும். தலைகீழாகக் கடலில் குத்திப் பாய்ந்தால் அது கடற்காகமே இல்லை, ஆலா என்ற வேறொரு கடற்பறவை. ஆலாவில் சில இனங்கள் மெய்யாகவே இங்கே முட்டையிடும், அதுவும் வெறும் மணலில். முட்டையும் மணல் நிறம், மிதித்த பிறகுதான் தெரியும். வாடி நாய்களை அந்தப் பக்கம் விடாதேயும்.