பதினைந்து நிமிடத்தில் யாரைப் பற்றிப் பேசுவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதம் என்பதால், எங்கள் குழுவில் 15 நிமிடம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வணிகம், ஊடகம், விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகிய துறைகளில் கறுப்பின அமெரிக்கர்களின் சாதனை என்பது தலைப்பு. தேடினால் ‘முதல் கறுப்பின மருத்துவர், முதல் கறுப்பின முதலாளி’ என்ற பட்டியல்கள்தான் கிடைக்கின்றன. கேட்பவர்களில் நான்கு பேர் கறுப்பினச் சகாக்கள். அவர்கள் முன் மேம்போக்காகப் பேச மனமில்லை. எப்படித் தயாராவது?

பதில்: அந்தப் பட்டியல்களை மூடிவிடுங்கள். யார் எந்த வருடம் உள்ளே வந்தார் என்பதோடு அவை நின்றுவிடும். அதுவரை கதவை யார் அடைத்து வைத்திருந்தார்கள், உள்ளே வந்தவர் சம்பாதித்த பணம் கடைசியில் யார் கைக்குப் போனது என்றெல்லாம் அவற்றில் இருக்காது. நான்கு துறைகளுக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: உழைப்பு இவருடையது, உரிமை யாருடையது? இதைப் பிடித்துக்கொண்டால் நாலைந்து பேர் போதும்.

ஜான் ஹெச். ஜான்சனில் தொடங்குங்கள். அர்கன்சாவில் 1918-ல் பிறந்து சிகாகோவுக்கு வந்தவர். சுப்ரீம் லிபர்ட்டி லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அது கறுப்பினத்தவரே நடத்திய நிறுவனம். 1942-ல் ஒரு மாத இதழ் தொடங்க நினைத்தார். கையில் காசில்லை. அம்மாவின் வீட்டு மேஜை நாற்காலிகளை ஈடு வைத்து 500 டாலர் கடன் வாங்கினார். அதைத் தபால் செலவுக்குப் போட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் முகவரிப் பட்டியலில் இருந்த சுமார் 20,000 பேருக்குக் கடிதம் எழுதினார்: இதழ் வரப்போகிறது, முன்கூட்டியே இரண்டு டாலர் சந்தா அனுப்புங்கள். 3,000 பேர் அனுப்பினார்கள். ஒரு பக்கம்கூட அச்சாகும் முன்பே 6,000 டாலர் சேர்ந்துவிட்டது.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்லுங்கள். ஜான்சனின் சாமர்த்தியத்தைச் சொல்லும்போது, ஒரு கறுப்பின நிறுவனம் வருடக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் அடுத்த கறுப்பின நிறுவனத்துக்கு முதலீடாக மாறியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனி ஆளின் விடாமுயற்சி என்று மட்டும் சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும். அப்புறம், இது விற்காது என்று விநியோகஸ்தர்கள் கைவிரித்தபோது, நண்பர்களைக் கடை கடையாக அனுப்பி இதழைக் கேட்க வைத்தார். வந்த பிரதிகளை அவர்களே வாங்கவும் ஏற்பாடு செய்தார். 1945-ல் ‘எபனி’, 1951-ல் ‘ஜெட்’ என்ற அவருடைய அடுத்த இதழ்கள் வந்தன.

சொந்தப் பத்திரிகை இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதை 1955 காட்டியது. மிசிசிப்பியில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் அடித்துச் சுட்டுக் கொல்லப்பட்டான். தன் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்று தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். பெரிய பத்திரிகைகள் தொடாத அந்த உடலின் படத்தை ‘ஜெட்’ அச்சிட்டது. சிவில் உரிமைப் போராட்டத்துக்கு வந்த பலர் அந்தப் படத்தைப் பார்த்துதான் வந்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தைத் திரையில் போடாதீர்கள். வாயால் சொன்னால் போதும். அலுவலகக் கூட்டத்தில் உங்கள் சகாக்கள் அதைத் திடீரென்று பார்க்க வேண்டியதில்லை.

கதையை வெற்றியோடு நிறுத்திவிடவும் வேண்டாம். ஜான்சன் 2005-ல் காலமானார். பிறகு நிறுவனம் திவாலானது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அதன் புகைப்படக் காப்பகத்தை 2019-ல் சில அறக்கட்டளைகள் சேர்ந்து 3 கோடி டாலருக்கு வாங்கிக் காப்பாற்றின.

விளையாட்டு என்றால் எல்லோரும் மைக்கேல் ஜோர்டனைச் சொல்வார்கள். நீங்கள் கர்ட் ஃப்ளட்டைச் சொல்லுங்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியில் 12 வருடம் ஆடியவர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலேயே பிலடெல்ஃபியா அணிக்கு மாற்றினார்கள். ஒரு முறை கையெழுத்துப் போட்ட வீரர், அணி விடுவிக்கும்வரை அந்த அணிக்கே கட்டுப்பட்டவர் என்பது அன்றைய விதி. வேறு அணியோடு பேரம் பேசவே முடியாது. புதிய அணி ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் தரத் தயாராக இருந்தது. ஃப்ளட் போகவில்லை. என் விருப்பம் கேளாமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்தல்ல என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு வழக்குத் தொடர்ந்தார். முன்னாள் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை.

1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அதற்குள் ஆட்டமும் முடிந்துபோயிருந்தது. 1975-ல் வேறு இரு வீரர்களின் ஒப்பந்தத் தகராறில் மத்தியஸ்தர் தந்த தீர்ப்பு அந்த விதியை உடைத்தது. இன்று வீரர்கள் வாங்கும் சம்பளத்துக்குப் பின்னால் ஃப்ளட் இழந்த வருடங்கள் இருக்கின்றன. தனக்கு எதுவும் கிடைக்காமல் மற்றவர்களுக்கு வழி திறந்ததைச் சாதனை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பொழுதுபோக்கையும் தொலைக்காட்சியையும் சேர்த்தே முடித்துவிடலாம். பாட்டுப் பதிவுக்குப் பணம் போட்ட கம்பெனிக்குத்தான் மாஸ்டர் எனப்படும் மூலப்பதிவு சொந்தம் என்பது வழக்கமாக இருந்த காலத்தில், 1959-ல் ஏபிசி பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறிய பாடகர் ரே சார்ல்ஸ் தன் மாஸ்டர்களின் உரிமையை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கினார். ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சி 1986-ல் நாடு முழுக்க ஒளிபரப்பானது. 1988-ல் அந்த நிகழ்ச்சியே அவருடைய ஹார்ப்போ நிறுவனத்துக்குச் சொந்தமானது. அவர் சம்பளக்காரராகவே இருந்திருந்தால் புகழ் இதே அளவு வந்திருக்கும். அவ்வளவு பணமும், எதைப் பேசுவது என்று தானே முடிவெடுக்கும் அதிகாரமும் வந்திருக்காது.

வணிகத்துக்கு ரெஜினால்ட் லூயிஸ். பால்டிமோரில் பிறந்து ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1987-ல் பீட்ரிஸ் இன்டர்நேஷனல் உணவு நிறுவனத்தை 98.5 கோடி டாலருக்கு வாங்கினார். ஐம்பதாவது வயதில் காலமானார்.

உங்கள் நான்கு சகாக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேச்சின் நடுவே அவர்கள் பக்கம் திரும்பி ‘உங்கள் அனுபவம் எப்படி?’ என்று கேட்காதீர்கள். அவர்கள் கேட்க வந்தவர்கள். நம் ஊர்க் கஷ்டங்களோடு ஒப்பிடுவதும் வேண்டாம். உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அதை ஒரு வரியில் சொல்லலாம். 1946 சட்டப்படி இந்தியர்களுக்கு இருந்த குடியேற்ற ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர். சிவில் உரிமை இயக்கம் உண்டாக்கிய சூழலில்தான் 1965 குடியேற்றச் சட்டம் வந்து அந்த ஒதுக்கீட்டு முறையை எடுத்தது. நாம் இங்கே இருப்பதில் அவர்கள் போராட்டத்துக்குப் பங்குண்டு.

ஜான்சனுக்கு ஆறு நிமிடம், ஃப்ளட்டுக்கு நான்கு, மற்றவர்களுக்கு மீதி நேரம். வீட்டில் ஒரு முறை கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். நேரம் போதவில்லை என்றால் லூயிஸை விட்டுவிடலாம், அவரைப் பற்றிக் கேள்வி வந்தால் சொல்லிக்கொள்ளலாம். ஃப்ளட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.