கேலி எதுவரை, குற்றம் எதிலிருந்து?

கேள்வி: 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில் சார்லி எப்தோ என்ற கேலி வார இதழின்மீது நடந்த தாக்குதலில் 12 பேர் இறந்தார்கள். அப்போது கார்ட்டூன் வரைவது கருத்துச் சுதந்திரம் என்று முழங்கிய பிரான்ஸ், அடுத்த வாரமே முகநூலில் எழுதிய ஒரு வரிக்காக நகைச்சுவைக் கலைஞர் தியுதொனேயைக் கைது செய்ததே, இது என்ன நியாயம்?

பதில்: இரட்டை நாக்கு போலத்தான் தெரியும். ஆனால் இரண்டையும் அங்கே ஒரே சட்டம் ஆள்வதில்லை. 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் மதத்தைக் காப்பாற்றுவதில்லை. அதைப் பின்பற்றும் மனிதர்களைத்தான் காப்பாற்றுகிறது. இதே இதழின்மீது முஸ்லிம் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2007-இல் வந்த தீர்ப்பைப் பாருங்கள். வழக்கு மூன்று படங்களைப் பற்றியது. ஒன்று அட்டைப்படம். 'அடிப்படைவாதிகளிடம் முகமது நபி சிக்கித் தவிக்கிறார்' என்ற பொருளில் அதிலேயே ஒரு வரி இருந்தது. கேலி எல்லா முஸ்லிம்களுக்கும் அல்ல, அடிப்படைவாதிகளுக்குத்தான் என்று நீதிமன்றம் முடிவுக்கு வர அந்த வரி கைகொடுத்தது. நபியின் தலைப்பாகைக்குள் குண்டு வைத்த படத்தில்தான் நீதிபதிகள் சற்றுத் தயங்கினார்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் அது புண்படுத்தக்கூடியதே, வெளியான சூழலோடு பார்த்தால் குற்றமில்லை என்றார்கள்.

தியுதொனே விஷயம் வேறு. 'நானும் சார்லி' என்று ஊரே சொன்ன முழக்கத்தோடு, அதே வாரம் பாரிஸில் யூதக் கடையில் நான்கு பேரைக் கொன்ற கூலிபலியின் பெயரைக் கோத்து எழுதினார். பயங்கரவாதத்தைப் புகழ்ந்ததாக 2 மாதச் சிறை; ஆனால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

கேள்வி: தாக்குதலுக்குப் பின் பயங்கரவாதத்தைப் புகழ்ந்ததாகப் பலர்மீது போட்ட வழக்குகள் அவ்வளவு வேகமாக முடிந்தது எப்படி?

பதில்: தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே, 2014 நவம்பரில், இந்தக் குற்றத்தைப் பத்திரிகைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தண்டனைச் சட்டத்தில் வைத்துவிட்டார்கள். 5 ஆண்டு சிறை, 75,000 யூரோ அபராதம். இணையத்தில் சொன்னால் 7 ஆண்டு, 1,00,000 யூரோ. இவையெல்லாம் உச்சவரம்புகள். தண்டனையைவிட முக்கியமான மாற்றம் நடைமுறையில் வந்தது. பத்திரிகைச் சட்ட வழக்குகளில் அப்போது உடனடி விசாரணைக்கு இடமில்லை, தண்டனைச் சட்டத்துக்கு மாறியதும் இந்தக் குற்றத்துக்கு இடம் கிடைத்தது. காவலிலிருந்து நேரே நீதிமன்றம், அன்றே தீர்ப்பு. குடிபோதையில் போலீஸ்காரரைப் பார்த்துக் கத்தியவர்களும் இந்த வலையில் விழுந்தார்கள். நாடே கொதித்துக்கொண்டிருக்கும் வாரத்தில், சொன்னவரின் நோக்கத்தை ஆற அமர எடைபோட யாருக்கு நேரம்? தவறு சட்டப் பிரிவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து.

கேள்வி: பயங்கரவாதத் தளங்களைப் பார்த்தாலே குற்றமா?

பதில்: அடிக்கடி பார்ப்பதை 2016-இல் குற்றமாக்கினார்கள். அரசியலமைப்பு மன்றம் 2017 பிப்ரவரியில் ரத்து செய்தது. திருத்திக் கொண்டுவந்ததையும் அதே டிசம்பரில் ரத்து செய்தது.

கேள்வி: ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் என்ன சொல்கிறது?

பதில்: சொல், நேரம், இடம், தண்டனை நான்கையும் சேர்த்தே பார்க்கிறது. நியூயார்க் கோபுரங்கள் விழுந்த இரண்டாம் நாளே, அதைக் கொண்டாடும் தொனியில் பிரான்ஸின் பாஸ்க் பகுதி வார இதழில் கார்ட்டூன் போட்ட லெருவாவுக்கு 1,500 யூரோ அபராதம். நேரமும், பதற்றமான அந்தப் பகுதியும் அவருக்கு எதிராக நின்றன. 2008-இல் அபராதம் சரியே என்றது நீதிமன்றம். பாரிஸ் தாக்குதல்காரர்களைத் துணிச்சல்காரர்கள் என்று வானொலியில் சொன்ன ரூயோன் வழக்கில், 2022-இல், குற்றத்தீர்ப்பில் பிழை காணவில்லை. ஆனால் 18 மாதச் சிறை, அதில் 10 மாதம் நிறுத்திவைப்பு என்ற தண்டனை அளவுமீறியது என்று பிரான்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.