அம்மாவுக்கு மஞ்சள் காப்ஸ்யூல் கொடுக்கலாமா?

வணக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள், அது இதயத்தைப் பாதிக்கலாமாம், எலிகளின் இதயத்தை ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்கள் சேதமாவதைத் தடுக்கும் பொருள்) காப்பாற்றியதாகப் படித்தேன், வைட்டமின் ஈயும் மஞ்சள் காப்ஸ்யூலும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 1977-லேயே ஓர் ஆய்வில், முன்கூட்டி வைட்டமின் ஈ கொடுத்த சுண்டெலிகளுக்கு இதய பாதிப்பு குறைந்தது. மருந்து புற்றைக் கொல்வதும் குறையவில்லை. ஆனால் மனிதர்களிடம் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதயத்தசை கெடுவதில் டோப்போஐசோமெரேஸ் 2 பீட்டா என்ற நொதிக்கும் பெரிய பங்கு உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. வைட்டமின் அதைத் தடுக்காது.

எனக்கு அதிகக் கவலை மஞ்சள் காப்ஸ்யூல்தான். 2002-ல் வந்த ஆய்வில், மார்பகப் புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளின் தீவனத்தில் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைச் சேர்த்தார்கள். சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து கொடுத்தும் கட்டி சுருங்குவது தடைபட்டது. டாக்ஸோரூபிசினோடு பெரும்பாலும் சேர்த்துக் கொடுக்கிற மருந்து அது. அம்மாவின் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பல காப்ஸ்யூல்களில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினும் இருக்கும். கல்லீரல் மருந்துகளைக் கையாளும் விதத்தையே அது மாற்றக்கூடும்.

குழம்பில் போடும் மஞ்சள்தூளை நிறுத்த வேண்டாம், அது மிகச் சிறிய அளவு. அடுத்த முறை போகும்போது காப்ஸ்யூல் டப்பாவையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எப்போது, இதுவரை ஏறிய மொத்த டோஸ் எவ்வளவு, இதயத்தைக் காக்கக் கொடுக்கும் டெக்ஸ்ராசாக்ஸேன் மருந்து தேவைப்படுமா என்று கேளுங்கள். மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் அம்மா பயந்துவிடப் போகிறார், அது மருந்தின் நிறம்தான் என்று முன்பே சொல்லிவையுங்கள்.