புயல் இரவில் எரியாத டார்ச்

ஐப்பசி நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இருட்டைப் பற்றியவை. ரீசார்ஜ் டார்ச் குறித்து வந்தவற்றில் சிலவற்றை இந்த வாரம் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு, சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் செய்யும் டார்ச் ஒன்று வாங்கினோம். அதற்குப் பின் மூன்று மாற்றிவிட்டோம். ஒவ்வொன்றும் ஓராண்டுதான் தாங்குகிறது. மின்சாரம் போன அன்று எடுத்தால் இரண்டு நிமிடம் மினுக்கிவிட்டு அணைந்துவிடுகிறது. எதைத்தான் வாங்குவது? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: பிளக் முள் உடம்பிலேயே மடிந்திருக்கும் மலிவான டார்ச்சுகளில் பலவற்றின் உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. ஸ்கூட்டர் பேட்டரியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு குணங்கள். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிகம் உறைந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் பேட்டரி சார்ஜை ஏற்காது. சரி, மறக்காமல் இரவு முழுக்கச் செருகியே வைக்கலாம் என்றால், மலிவான டார்ச்சுகளில் நிறைந்ததும் தானே நிற்கும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. பேட்டரி சூடேறி உள்ளே இருக்கும் ஈரம் வற்றிவிடும். ஆக, மறந்தாலும் சாகும், மறக்காவிட்டாலும் சாகும். உங்கள் மூன்று டார்ச்சுகளும் உழைத்துத் தேய்ந்தவை அல்ல. அலமாரியில் சும்மா கிடந்தே போனவை.

வீட்டு டார்ச் என்பது ஆண்டில் முந்நூறு நாள் தொடப்படாமல் கிடக்கும் பொருள். அதை வாங்கும்போது எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்று பார்ப்பதைவிட, ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் எரியுமா என்று பார்ப்பதே புத்தி. அந்த வகையில் இன்று ஏற்றது லித்தியம் அயான் பேட்டரி உள்ள டார்ச். அதிலும் 18650 என்ற செல்லைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பாருங்கள். (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த எண்ணின் பொருள் அவ்வளவுதான்.) நல்ல செல் சும்மா இருக்கும்போது மாதத்துக்கு ஓரிரு சதவீதமே இழக்கும். நான்கைந்து ஆண்டு கழித்துச் செல் ஓய்ந்தால் செல்லை மட்டும் மாற்றினால் போதும். பேட்டரியை உள்ளே ஒட்டிவிட்ட டார்ச் என்றால் முழுதாகக் குப்பைக்குத்தான் போகும்.

சுவிட்சையும் கவனியுங்கள். 'டக்' என்று அழுத்தி நிற்கும் பழைய பாணி சுவிட்ச் மின்னோட்டத்தை முழுதாகத் துண்டிக்கும். மெதுவாகத் தொட்டாலே எரியும் மின்னணு சுவிட்ச், அணைந்திருக்கும்போதும் சிறிது சிறிதாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். அந்த வகைதான் கிடைக்கிறது என்றால், வைக்கும்போது பின்மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பல டார்ச்சுகளில் அதனாலேயே தொடர்பு அறுந்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் உங்கள் ஊர்ப் பக்கம் கரை கடந்த அந்தப் புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தன. சுவரில் செருகும் டார்ச்சுக்கு அப்போது சுவரே பயன்படாது. யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகும் டார்ச் என்றால் பவர் பேங்கிலிருந்தோ, பக்கத்து வீட்டுக் காரிலிருந்தோ, சிறிய சூரியத் தகட்டிலிருந்தோ உயிர் கொடுக்கலாம். அதோடு, சாதாரண பேட்டரிக் கட்டை போடும் சிறிய டார்ச் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். கட்டைகளை உள்ளே போட்டு வைக்காதீர்கள். கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். பக்கத்திலேயே உறை பிரிக்காமல் வையுங்கள். அல்கலைன் கட்டை பல ஆண்டுகள் கெடாது.

எப்போது சார்ஜ் செய்வது என்று நினைவு வைக்க எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, கத்தரிக்கோல், சைக்கிளோடு டார்ச்சுக்கும் பொட்டு வைப்போம். பொட்டு வைப்பதற்கு முன் சார்ஜ். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அதற்குப் பின்தான் வரும். இன்னொரு முறை பொங்கலுக்கு வெள்ளையடித்துச் சாமான் எடுத்து வைக்கும்போது, மூன்றாவது சித்திரையில்.

கேள்வி: இணையத்தில் 499 ரூபாய்க்கு ஒரு டார்ச். 10,000 லூமன், 2 கிலோமீட்டர் தூரம், 9,900 எம்ஏஎச் 18650 பேட்டரி என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: 499 ரூபாய் என்பதை மட்டும் நம்பலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் வெளிச்சம் தரும். 10,000 லூமன் என்றால் அப்படிப் பதினான்கு பல்புகளைக் கையில் பிடிப்பதற்குச் சமம். எல்ஈடி சிக்கனமானது; ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் கொடுக்கும். அப்படியும் 100 வாட் வேண்டும். ஒற்றைச் செல் 3.7 வோல்ட், உள்ளே நிஜமாக 2,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) இருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மொத்தம் 7.4 வாட் மணி, அதாவது 7.4 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் சூட்டில் டார்ச்சைக் கையில் பிடிக்கவும் முடியாது.

9,900 எம்ஏஎச் 18650 செல் உலகில் இல்லை. பெயர் பெற்ற தயாரிப்பாளர்களே அந்த அளவுக்குள் ஏறக்குறைய 3,500 வரைதான் அடைக்க முடிந்திருக்கிறது. 4,000-க்கு மேல் அச்சிட்ட 18650 செல்லைப் பார்த்தால் பேரம்கூடப் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். முப்பது கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே காலி இடம் இருக்கிறது.

தூரக் கணக்கிலும் ஒரு சூட்சுமம். நேர்மையான தயாரிப்பாளர்கள் பின்பற்றும் எஃப்எல்1 என்ற அளவுமுறையில், டார்ச் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை 'தூரம்' என்று எழுதலாம். அது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம். 300 மீட்டர் என்று உண்மையாகவே எழுதியிருந்தாலும், அந்தத் தொலைவில் நிற்பது மாடா, மனிதனா என்று சொல்வதே கடினம். நான் மூன்றில் ஒரு பங்கையே கணக்கில் எடுத்துக்கொள்வேன். எரியும் நேரமும் அப்படித்தான். தொடக்க வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும்வரை உள்ள நேரத்தை அங்கே எழுதுவார்கள்.

வீட்டுக்கு 300 லூமன் தாராளம். தோட்டம், வயல் என்றால் 500 முதல் 800 வரை போகலாம்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. போன வருடம் நான் வாங்கிக் கொடுத்த விலையுயர்ந்த டார்ச்சைத் தொடவே மாட்டேன் என்கிறார். (வாசகி, ஆலங்குளம்)

பதில்: அம்மாவின் பக்கம் நியாயம் இருக்கும் என்றே தோன்றுகிறது. ஒரு முறை அழுத்தினால் கண்கூசும் வெளிச்சம், இன்னொரு முறை அழுத்தினால் மங்கல், மூன்றாம் முறை போலீஸ் வண்டி போலப் பளிச் பளிச். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் அணைக்கத் தெரியாமல் தவித்திருப்பார். ஒரே பொத்தான், எரி, அணை. இதற்கு மேல் வேண்டாம். பொத்தானை அழுத்த விரல் வலிக்கக் கூடாது. கடையிலேயே அம்மாவின் கையில் கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள். உருளை வடிவம் மேசையிலிருந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடும்; கைப்பிடியோ மணிக்கட்டுக் கயிறோ உள்ளது நல்லது.

நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தைவிடச் சற்று மஞ்சள் கலந்தது முதிய கண்களுக்கு இதம். தரையில் கிடப்பது காய்ந்த ஓலையா, வேறு ஏதாவதா என்பதும் அதில் தெளிவாகப் பிரியும். இது சும்மா சொல்வதல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கடி பலருக்கு வலிக்கவே வலிக்காது, ஆனால் உயிரைப் பறிக்கும். எனவே அகன்று விழும் வெளிச்சம் வேண்டும். தூரத்துத் தென்னை உச்சியைக் காட்டும் ஒல்லியான கற்றை காலடிக்கு உதவாது. மழையில் நனைந்தாலும் தாங்க ஐபிஎக்ஸ்4 என்ற குறி போதும்.

தலையணைப் பக்கத்தில் ஆணி அடித்து அதிலேயே மாட்டி வையுங்கள். இருட்டில் கை தானாகப் போகும் இடம்தான் டார்ச்சின் இடம்.

கேள்வி: டார்ச்சைச் சார்ஜ் செய்து பிளக்கிலிருந்து எடுத்ததும் முள்ளில் விரல் பட்டால் சுள்ளென்று அடிக்கிறது. ஆபத்தா? (வாசகர், சேலம்)

பதில்: டிரான்ஸ்ஃபார்மர் வைக்கச் செலவாகும் என்று, ஒரு கெபாசிட்டரை வைத்தே 230 வோல்ட்டைக் குறைக்கும் மலிவுச் சுற்று அது. பிளக்கை எடுத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை வடியச் செய்யும் ரெசிஸ்டர் இல்லை அல்லது போய்விட்டது. அந்தச் சுள்ளென்ற அடியைவிட நான் அஞ்சுவது வேறு: இந்தச் சுற்றில் உள்பாகங்கள் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன. சார்ஜில் இருக்கும்போது டார்ச்சைத் தொடாதீர்கள், எரிய விடாதீர்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் அதைத் தூக்கி எறியவே சொல்வேன்.

கேள்வி: சி டைப் டார்ச் வாங்கினேன். என் புதிய போன் சார்ஜரில் ஏறவில்லை. கடைக்காரரின் பழைய சார்ஜரில் ஏறுகிறது. (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் சார்ஜர் வயரின் இரு முனையும் சி வகையாக இருக்கும். அத்தகைய சார்ஜர், எதிரில் இருக்கும் கருவி ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாகத் தன்னைக் காட்டிக்கொண்டால்தான் மின்சாரம் விடும். சில பைசா மிச்சம் பிடிக்க அந்த ரெசிஸ்டரை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய தட்டையான யூஎஸ்பியாக உள்ள வயரைப் பயன்படுத்துங்கள். கடையில் வாங்கும்போதே உங்கள் சார்ஜரைக் கொண்டுபோய்ச் செருகிப் பார்ப்பது இன்னும் நல்லது.

கேள்வி: ஆறு மாத வாரண்டி உள்ள டார்ச் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. "பேட்டரிக்கு வாரண்டி இல்லை" என்கிறார் கடைக்காரர். பேட்டரி வேறு உப்பியிருக்கிறது. (வாசகி, தாம்பரம்)

பதில்: வாரண்டி அட்டையில் பேட்டரி விலக்கப்பட்டிருக்கிறதா என்று படியுங்கள். எழுதப்படாத விலக்கைக் கடைக்காரர் வாயால் உண்டாக்க முடியாது. பெட்டியின்மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரியும் குறைகளைச் சொல்வதற்கான தொடர்பு விவரமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் உங்கள் வாதம் பாதியாக இளைத்துவிடும். முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கும் பில் கேளுங்கள், கடைக்காரர் முறைத்தாலும்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தவோ மறுபடி சார்ஜ் செய்யவோ வேண்டாம். முறையீடு முடியும்வரை துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாமல், ஒரு மண்சட்டியில் மணல் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். பிறகு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். காலையில் வரும் குப்பை வண்டியில் வேண்டாம்.