கன்ட்ரோலர் மாத்தியாச்சு, கன்சோல்ல "வெயிட்டிங் ஃபார் கிவ்பேக்"னு நிக்குது, உடனே கிவ்பேக் குடுத்துடலாமா?

நெட்ஆப் ஸ்டோரேஜோட எச்ஏ ஜோடில (ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கிக்கற ரெண்டு கன்ட்ரோலர்) ஒரு கன்ட்ரோலர் மாத்தியிருக்கீங்கன்னு எடுத்துக்கறேன். அந்த மெசேஜ் எரர் இல்லங்க, பயப்படாதீங்க. புது கன்ட்ரோலர் ரெடி, அதோட டிஸ்க்கெல்லாம் இன்னும் பார்ட்னர் (ஜோடில இருக்கற இன்னொரு கன்ட்ரோலர்) கையில இருக்கு, அதைத் திருப்பிக் குடுக்கறதுதான் கிவ்பேக், அவ்ளோதான். ஆனா உடனே குடுத்துடாதீங்க.

டிஸ்க் ஓனர்ஷிப் பழைய போர்டோட சிஸ்டம் ஐடில இருக்கும், புது போர்டுக்கு வேற ஐடி. பூட் ஆகும்போது ஐடி ஒத்துப்போகல, ஓவர்ரைடு பண்ணவான்னு கேட்டிருக்கும், நீங்களும் ஒய் குடுத்திருப்பீங்க. இப்ப நல்லா இருக்கற நோடுல, அதாவது பார்ட்னர்ல, ஸ்டோரேஜ் ஃபெயிலோவர் ஷோ அடிச்சுப் பாருங்க, சிஸ்டம் ஐடி மாறிடுச்சுன்னு சொல்லி பழைய நம்பர், புது நம்பர் ரெண்டையும் காட்டணும். அது வரலன்னா அங்கயே நிறுத்திடுங்க.

மெயின்டனன்ஸ் மோடுல எச்ஏ-கான்ஃபிக் ஷோ பாத்தீங்களா? கன்ட்ரோலர், சேசிஸ் ரெண்டுக்கும் எச்ஏன்னு இருக்கணும். லோடர்லயே (பூட் ஆகறதுக்கு முன்னாடி வர்ற ப்ராம்ப்ட்) தேதி நேரத்தையும் பார்ட்னரோட ஒத்துப்பாத்து ஜிஎம்டில செட் பண்ணியிருக்கணும், ஏன்னா 5 நிமிஷத்துக்கு மேல விலகினா கெர்பரோஸ் லாகின் அடி வாங்கும், அப்புறம் விண்டோஸ் ஷேர் வரலன்னு யூசர்ஸ் போன் மேல போன் போடுவாங்க. பழைய கன்ட்ரோலர் பேனிக் ஆகி விழுந்துச்சுன்னா பார்ட்னர்ல சேவ்கோர் (விழுந்த நேரத்து மெமரி நகலான கோர்டம்ப்ப சேமிக்கற வேலை) முடியற வரைக்கும் பொறுங்க, ஏன் விழுந்துச்சுன்னு சப்போர்ட்காரங்க பாக்கறதுக்கு அந்தக் கோர்டம்ப் வேணும்.

இதெல்லாம் சரியா இருந்தா பார்ட்னர்ல இருந்து கிவ்பேக் குடுங்க. முதல்ல ரூட் அக்ரிகேட் (சிஸ்டம் இருக்கற டிஸ்க் தொகுப்பு) போகும், அப்புறம் டேட்டா அக்ரிகேட் ஒண்ணொண்ணா போகும், நடுவுல கொஞ்ச நேரம் பார்ஷியல்னு காட்டுறது சகஜம்தான். ஷோ-கிவ்பேக்ல ஓடுறதப் பாத்துட்டே இருங்க. வீட்டோன்னு வந்து நின்னா மட்டும் ஓவர்ரைடு-வீட்டோஸ் போட்டுத் தள்ளிடாதீங்க, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன். எது தடுக்குதுன்னு அதுலயே எழுதியிருக்கும். ஓபனா இருக்கற சிஐஎஃப்எஸ் (விண்டோஸ் ஷேர்) செஷனா இருக்கலாம், ஓடிட்டிருக்கற வேற வேலையா இருக்கலாம், அதை முடிச்சுட்டு திரும்பக் குடுங்க. ராத்திரி 2 மணிக்கு தூக்கக் கலக்கத்துல ஓவர்ரைடு பண்ணத் தோணும், அப்பதான் யாரோ ஒருத்தரோட ஃபைல் பாதி ரைட்ல அறுந்து போகும்.

கிவ்பேக் முடிஞ்சதும் நிறைய பேர் லேப்டாப்ப மூடிடுறாங்க. டிஸ்க் ஓனர்ஷிப்ல புது ஐடி வந்திருக்கான்னு பாருங்க. லிஃப் (ஐபி முகவரி தாங்கற லாஜிக்கல் இன்டர்ஃபேஸ்) எல்லாம் இன்னும் பார்ட்னர் போர்ட்லயே உக்காந்திருக்கலாம், இஸ்-ஹோம் ஃபால்ஸ்னு தேடினா தெரியும், ரிவர்ட் குடுங்க. வேலை ஆரம்பிக்கறப்போ ஆட்டோ-கிவ்பேக்க ஆஃப் பண்ணியிருப்பீங்க, திரும்ப ஆன் பண்ணுங்க. நோடு-லாக்டு லைசென்ஸ் இருந்தா புது சீரியல் நம்பருக்கு புது கீ வாங்கணும், 90 நாள் டைம் இருக்கு, ஆனா அதுக்கான சப்போர்ட் கேஸ இன்னிக்கே போட்டு வெச்சிடுங்க.