அவள் கைபேசி கடலில் விழுந்தபோது நான் ஏன் பதறினேன்?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாவல் ஏமாற்றிவிட்டது என்பதற்கெல்லாம் மனநல ஆலோசகருக்குக் கடிதம் எழுதுவார்களா என்று இரண்டு வாரம் தயங்கினேன். எனக்கு வயது 36. மென்பொருள் திட்டங்களை நிர்வகிக்கும் வேலை. காலை எட்டு மணிக்குத் திறக்கும் மடிக்கணினியை மூட இரவு பதினொன்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் இதிலேயே போகும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பிறந்தநாளுக்குத் தங்கை ஒரு காதல் நகைச்சுவை நாவலைக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் 'அக்கா, இது உன் கதை' என்று எழுதியிருந்தாள். வேலையே கதி என்றிருக்கும் ஒருத்தி, மேலதிகாரியின் வற்புறுத்தலால் மூன்று வார விடுப்பில் கிரேக்கத் தீவு ஒன்றுக்குப் போகிறாள். முதல் நாற்பது பக்கங்களில் அவள் என்னை உரித்து வைத்திருந்தாள். குளியலறைக்கும் கைபேசியோடு போகிறாள். விமானம் தரையைத் தொட்டதும் மற்றவர்கள் பெட்டியைத் தேட, இவள் மின்னஞ்சலைத் திறக்கிறாள். சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு படகுத்துறையில் அவள் கைபேசி கடலில் விழுகிறது. படகோட்டி ஒருவன் சிரிக்கிறான். அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தில் அவளுக்கு அலுவலகமே நினைவில் இல்லை. கடைசியில் வேலையை உதறிவிட்டு அவனோடு தீவிலேயே தங்கிவிடுகிறாள். பாதியில் விட்ட வேலையை யார் முடித்தார்கள், வீட்டுக்கடன் என்ன ஆயிற்று, அவளுடைய அம்மா என்ன சொன்னாள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

புத்தகத்தை மூடியபோது கோபம் வந்தது. சற்று நேரத்தில் அழுகை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் கணவரும் பத்து நாள் இத்தாலிக்குப் போயிருந்தோம். வெனிஸ் பெருங்கால்வாயில் படகு ரியால்டோ பாலத்தை நெருங்கும்போது அவர் அதைக் காட்டி ஏதோ சொன்னார். நான் அலுவலக அழைப்பில் இருந்தேன். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அழைப்பு முடிந்தபோது பாலம் பின்னால் போய்விட்டது. அந்தப் பயணத்தில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் நான் குனிந்தபடிதான் இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாவலில் கைபேசி கடலில் விழுந்த இடத்தில் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கோப்புகளுக்கு நகல் எடுத்து வைத்திருந்தாளா என்றுதான் முதலில் தோன்றியது. எனக்குள் ஏதாவது கோளாறு இருக்கிறதா? புத்தகம் பிடிக்கவில்லை என்று தங்கையிடம் எப்படிச் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. நாற்பது பக்கம் ஒரு பெண்ணை அவ்வளவு கவனமாகப் பார்த்த எழுத்தாளர், அதன் பிறகு அவளைக் கைவிட்டுவிட்டார். உங்களைப் போல் உழைப்பவரின் கைபேசி கடலில் விழுந்தால் மறுநாள் நிம்மதி வராது. கை சும்மா இருக்காது. எரிச்சல் வரும், குற்ற உணர்ச்சி வரும். இணைய வசதி தேடித் தீவு முழுக்க அலைவாள், படகோட்டியிடம் அவனுடைய கைபேசியைக் கடன் கேட்பாள். அப்படி எழுதியிருந்தால் நகைச்சுவையும் கூடியிருக்கும், காதலுக்கும் நம்பகம் வந்திருக்கும். அந்த நாவலை நானும் ஆசையாகப் படித்திருப்பேன்.

பயணம் மருந்தாகிவிடும் என்பதும் உண்மையல்ல. நீண்ட விடுமுறை எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்த நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனநலமும் உடல்நலமும் சுமார் எட்டாவது நாளில் உச்சத்தைத் தொடுகின்றன, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன என்பது அதன் முடிவு. நீங்கள் போன பத்து நாளிலும் அலுவலகம் கூடவே வந்திருக்கிறது. ஓய்வு தொடங்கவே இல்லை.

கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு அடிமையானவரைக் குறிக்கும் 'வொர்க்கஹாலிக்' என்ற சொல் அதிகாரபூர்வமான நோய்ப்பெயர் அல்ல. மதுவுக்கு அடிமையானவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயலில் அதை உருவாக்கியவர் வெய்ன் ஓட்ஸ் என்ற அமெரிக்கர். மதபோதகர், உளவியல் பேராசிரியரும்கூட. தம்மைப் பார்க்க வேண்டுமென்றால் சிறு மகன் முன்கூட்டி நேரம் கேட்கும் நிலை வந்தபோதுதான் அவருக்குத் தம் நிலை உறைத்தது. 1971-இல் தம்மைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். உங்கள் ரியால்டோ பாலத்தைப் படித்ததும் எனக்கு அந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வந்தான்.

ஆனால் நோய்ப்பெயர் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். உங்கள் கணக்கு 55-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. இந்த வாரமே இரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'யாரும் கட்டாயப்படுத்தவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் எனக்குக் கண் நின்றது. அப்படியானால் மடிக்கணினியை மூடியதும் எது வந்து உட்கார்கிறது? வெறுமையா, பயமா, 'இன்று போதுமான அளவு செய்யவில்லை' என்ற குரலா? அதை நான் ஊகிக்கக் கூடாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் இரவு எட்டு மணிக்கு மூடிவிடுங்கள். மூடுவதற்கு முன் மறுநாள் முடிக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதி வைத்த வேலை, மனத்தை அவ்வளவாகப் பிறாண்டாது. முதல் அரை மணி நேரம் தவிப்பாக இருக்கும். அந்தத் தவிப்பில் என்ன தோன்றுகிறதோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகியும் மூட முடியாவிட்டால், தூக்கமும் கெட்டால், அந்தக் குறிப்புகளோடு ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள்.

தங்கையிடம் உண்மையையே சொல்லுங்கள். முதல் நாற்பது பக்கம் என் கதைதான், மீதி இல்லை என்று சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயங்கியதை அவள் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கக்கூடும். பிறகு அவள் பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள்.

கடிதத்தில் படகோட்டியைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பாலத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருக்கிறீர்கள். படகில் கணவர் என்ன சொன்னார் என்பது மட்டும் அதில் இல்லை. இன்றைக்கும் உங்களுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு அவரிடம் போய்க் கேளுங்கள்.