30,000 ரூபாய்க்குள் கணினி பொருத்தும்போது எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பிக்காக, மானிட்டர் நீங்கலாக 30,000 ரூபாய்க்குள் ஒரு கணினியை வீட்டிலேயே பொருத்த விரும்புவதாகவும், தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வழியில்லை என்றும், எந்தப் பாகத்தில் செலவைக் குறைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே கேள்வியை 2023இல் என் அக்கா தன் மகளுக்காக என்னிடம் கேட்டார். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுவதும் அலைந்து பாகங்களை வாங்கி, அவள் கையாலேயே பொருத்த வைத்தேன். அந்தக் கணினி இன்றும் நாள்தோறும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

குறைந்த பணத்தில் வாங்குபவர், பின்னால் மாற்றுவதற்கு எது கடினமோ அதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராம் என்ற தற்காலிக நினைவகத்தையும் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தையும் அடுத்த ஆண்டு கூட்டிக்கொள்ளலாம். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டை மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். மட்டமானதாக இருந்தாலோ, அது கெடும்போது மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் கணினிக்குக் கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பயன்படுத்தினேன், அதன் மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் இரவு அது கருகிய வாடையோடு நின்றுபோனபோது மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் உடன் போயின. அந்த டிஸ்க்கில் இருந்த குடும்பப் படங்கள் திரும்பக் கிடைக்கவேயில்லை. பிறகுதான் அதன் பக்கவாட்டு அட்டவணையைப் படித்தேன். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 192 வாட்தான். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டிலிருந்தே பெரும்பகுதி மின்சாரத்தை எடுத்துக்கொள்வதால், பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்பாமல் கடையிலேயே இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) சான்று பெற்ற, பெயருள்ள நிறுவனத்தின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று உங்களுக்குத் தாராளமாகப் போதும். பின்னால் ஒரு நடுத்தர கிராபிக்ஸ் கார்டு சேர்த்தாலும் தாங்கும்.

செயலியைப் பொறுத்தவரை, தனி கார்டு இல்லாத நிலையில் ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி போன்று, ஆறு கோர்களும் பரவாயில்லாத உள்ளமைந்த கிராபிக்ஸும் கொண்ட ஒன்றைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதற்கான கூலரும் பெட்டியிலேயே வந்துவிடுகிறது. இங்கே எழுத்துகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, வெறும் 5600இல் இல்லை. 5500ஜிடி-யில் உண்டு, 5500இல் இல்லை. இன்டெல்லிலும் ஐ3 12100இல் உண்டு, சில நூறு ரூபாய் குறைகிறதே என்று 12100எஃப் வாங்கிவிட்டால் கார்டு இல்லாமல் திரையில் எதுவுமே தெரியாது.

மதர்போர்டுக்கு ஏ520 அல்லது பி450 வரிசை போதுமானது. ஆனால் இவை 5600ஜி-க்கு முன்பே சந்தைக்கு வந்தவை என்பதால், பழைய இருப்பாக இருந்தால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்காமல் அந்தச் செயலியை அடையாளம் காணாது. வாங்கும் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, வேறொரு பழைய செயலி கையில் இல்லாமல் இதைச் செய்வது பல போர்டுகளில் இயலாது.

ராமை நான் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. அது ராமின் ஒரு பகுதியையே எடுத்துப் பயன்படுத்துகிறது. டி.டி.ஆர்.4 3200 ராம் ஒன்றை மட்டும் செருகினால் நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரை தரவு போய்வர முடியும். இரண்டைச் செருகினால் 51.2 ஜிகாபைட். ஆகவே ஒரே 16 ஜி.பி.யைவிட இரண்டு 8 ஜி.பி. வாங்குவதில்தான் பயன் அதிகம், அந்த வேறுபாடு விளையாட்டுகளில் கண்கூடாகத் தெரியும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், இப்போது பணம் எட்டவில்லை என்றால் ஒரு 8 ஜி.பி.யோடு தொடங்கி, அதே வகை இன்னொன்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு, ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் பயாஸில் இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பல ராம்கள் 2133 அல்லது 2666 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

சேமிப்புக்கு, என்.வி.எம்.ஈ. என்ற வேகமான வகை எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. அளவில் ஒன்று போதும். சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் கேபினட்தான்: கண்ணாடியும் வண்ண விளக்குகளும் வேகத்தைக் கூட்டுவதில்லை, முன்பக்கம் காற்று புகும் வலையும் பின்பக்கம் ஒரு விசிறியும் இருந்தால் சரி. செயலி எளிதில் கெடாத பொருள் என்பதால் அதைப் பழையதாக வாங்குவதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன், எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஹார்டு டிஸ்க்கையும் மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத இடத்தில், கெடாத எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் உள்ளிருக்கும் இரைச்சல் வடிகட்டி வழியே சிறிது மின்சாரம் கேபினட்டுக்கு வந்து, வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று அடிக்கும். என் அக்கா வீட்டில் அப்படித்தான் இருந்தது. பாகங்களைப் பிரிப்பதற்கு முன்பே அந்த ஒரு பாயின்ட்டுக்குப் புதிதாக எர்த் கம்பி இழுக்க வைத்தோம். கடைசியாக, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் ஜி.எஸ்.டி. பில்லில் எழுதி வாங்கி, அந்தப் பில்லை உடனே படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்லாக இருந்தால், வாரன்டி முடிவதற்குள் எழுத்து மங்கிப்போய்விடும்.